மகாபொல கூடியது நல்லது, ஆனால் அது கைக்கு வருவது எப்போது?

2025 இலங்கை வரவு செலவுத் திட்டத்தில், அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் மகாபொல உதவித்தொகையை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். பேர்சரி என்ற மற்ற உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். பல வருடங்களாக ஒரே இடத்தில் நின்ற தொகை அது. 2022இல் அரிசி, மா, பஸ் கட்டணமெல்லாம் எங்கே போய் நின்றன என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலரை விழுத்துவது தொகை குறைவு என்பது அல்ல. காசு பிந்தி வருவதுதான். உயர்தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து முதலாவது தவணை வங்கியில் விழும் நாள் வரைக்கும் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு இந்த நாட்டில் எந்த உதவியும் இல்லை. பிள்ளைகள் கைவிட்டுப் போவது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில் நடந்தது. பெறுபேறு வந்தது செப்டெம்பரில். 2023க்கான பரீட்சை 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு மே 31ஆம் திகதி வந்தது. 2024க்கானது அந்த வருட நவம்பரிலேயே தொடங்கி, 2025 ஏப்ரலில் பெறுபேறு வந்தது. சரி, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறுபேறு வந்தவுடன் கம்பஸ் போய்விட முடியாதே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி வர வேண்டும், பதிவு செய்ய வேண்டும், பிறகு அந்தந்த பீடம் வகுப்பைத் தொடங்க வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் மகாபொல பெயர்ப் பட்டியல். பட்டியலில் பெயர் வந்த பிறகும் முதல் காசுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வசதியான வீட்டுப் பிள்ளை இந்த இடைவெளியில் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகும், கம்பியூட்டர் படிக்கும். முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் இருக்கிற பிள்ளை கடைசிப் பேப்பர் எழுதிய அடுத்த கிழமையே வேலைக்குப் போகும். புறக்கோட்டையில் போன் கடை, வெள்ளவத்தையில் புடவைக் கடை, அல்லது மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கொழும்பில் வேலைக்குப் பஞ்சமில்லை, அதுவே இங்கே ஆபத்து. மாதம் முடிய முப்பது நாற்பதாயிரம் வீட்டுக்கு வரத் தொடங்கும். வாடகை அதிலிருந்து போகும், தங்கச்சியின் ரியூசன் காசும் அதிலிருந்தே போகும். வெட்டுப்புள்ளி வருகிற நேரத்தில் அந்த வீடு அந்தச் சம்பளத்தில்தான் நிற்கும். நாலு வருடத்துக்கு, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பு என்று அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது?

என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான் நின்றான். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவத்துக்கு இடம் கிடைத்தது. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சேர், போர்டிங்குக்கு அட்வான்ஸ் கேட்கிறாங்க. மகாபொல எப்ப வரும்?" என்றான். என்னால் திகதி சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு திகதி எங்கேயும் எழுதப்படவில்லை. பதிவு முடிவுத் திகதி போன பிறகும் அவன் போன் கடையில்தான் இருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். கெட்டிக்காரன், கடையில் கணக்கெல்லாம் அவன்தான் பார்க்கிறான்.

அதே வருடம் ஒரு பிள்ளை போனாள். தாயின் தோடும் சங்கிலியும் செட்டியார் தெருவில் அடகுக்குப் போன பிறகுதான் போனாள். மெத்தை, வாளி, போர்டிங் அட்வான்ஸ், பதிவுச் செலவு, முதல் மாதச் சாப்பாடு, எல்லாம் அந்தக் காசில். முதல் செமஸ்டர் பரீட்சை எழுதி முடித்த பிறகே அவளுக்கு மகாபொல வந்தது. அடகு வட்டி அதற்குள் ஏறிவிட்டது.

இங்கே வருமானச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் தகப்பன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை தூக்கும் வேலை செய்கிறார். லொறி வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. தாய் பம்பலப்பிட்டி மாடி வீடுகளில் வேலை செய்கிறார். கிராம சேவகர் ஒரு தொகையை எழுத, பிரதேச செயலகத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். நான் கூடவே போயிருந்தேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டார்கள். அந்த மனுசன் நேர்மையாக, நல்ல நாளில் கிடைப்பதைச் சொன்னார். அதை இருபத்தைந்தால் பெருக்கி எழுதினார்கள். மழை நாள், சுகமில்லாத நாள், லொறி வராத நாள் எதுவும் அந்தப் பெருக்கலில் இல்லை.

குடும்ப வருமான எல்லையாகப் பல ஆண்டுகள் படிவத்தில் இருந்தது வருடத்துக்கு 500,000 ரூபாய். கேட்கப் பெரிய தொகை மாதிரி இருக்கும். பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 42,000கூட இல்லை. 2025 ஏப்ரலில் தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 27,000 ஆக்கப்பட்டது. தாயும் தகப்பனும் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தாலே வருடத்துக்கு 648,000 வந்துவிடும். அதாவது சட்டம் அனுமதிக்கிற ஆகக் குறைந்த கூலியை வாங்கும் இரண்டு பேர், அந்த எல்லைப்படி வசதியானவர்கள் ஆகிவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையும் குசினியும் உள்ள வீட்டுக்கு என்ன வாடகை என்று அந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. சொந்தக் காணியில் இருக்கும் குடும்பத்துக்கும், சம்பளத்தில் பாதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கும் ஒரே கோடு. கொழும்புப் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்.

இன்னொன்று. பல்கலைக்கழகம் போகிறவர்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசினேன். 2023 உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றவர்கள் 173,000க்கும் மேல். அரச பல்கலைக்கழகங்கள் ஒரு வருடத்தில் எடுப்பது அதில் கால்வாசி அளவுதான். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி எப்போதும் மேலேதான் நிற்கும். மாவட்ட முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி குறைந்த பகுதிகளுக்கு அது தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வசதியான கொழும்பு 7இல் இருக்கும் பிள்ளையும், முகத்துவாரமும் மட்டக்குளியும் உள்ள கொழும்பு 15இல் இருக்கும் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் ஓட வேண்டியிருக்கிறது. அப்படித் தவறியவர்களுக்கு உதவித்தொகையாவது கைகொடுக்க வேண்டும் அல்லவா?

அவர்களுக்கென்று 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம், வேலைக்குப் போன பிறகு கட்டலாம். எண்ணம் நல்லது. என்னிடம் படித்த சிலர் அதில் படித்து நல்லாயிருக்கிறார்கள். ஆனால் வங்கியில் பிணையாளி என்ற பேச்சு வந்ததும் எங்கள் பகுதித் தாய் தகப்பன்மார் எழுந்து வந்துவிடுகிறார்கள். நிரந்தரச் சம்பளம் உள்ள உறவினர் யாரும் அவர்களுக்கு இல்லை. அப்புறம் அந்தப் பட்டங்கள் பெரும்பாலும் இங்கிலிஷில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு அதுவும் ஒரு பயம்.

சாதாரண தரம் முடித்து உயர்தரம் போகும் குறைந்த வருமானப் பிள்ளைகளுக்கு, கல்வி வலய அடிப்படையில், ஜனாதிபதி நிதியத்திலிருந்து மாதாந்தப் புலமைப்பரிசில் கொடுத்தார்கள். மாதம் 6,000 வரை, இரண்டு வருடத்துக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த திட்டம், ஏனென்றால் காசு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே வருகிறது. அதை அப்படியே பரீட்சைக்குப் பிறகும் நீட்ட என்ன தடை? கடைசிப் பேப்பரோடு நிறுத்தாமல், பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ பதிவு செய்யும் வரைக்கும் கொடுக்கலாம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளையும் அதற்குள் வர வேண்டும். கம்பஸ் மட்டும்தான் படிப்பு என்று நான் நினைக்கவில்லை.

மகாபொலவின் முதல் தவணை பதிவு செய்யும் நாளிலேயே வர வேண்டும். முடியாத காரியம் இல்லை. வெட்டுப்புள்ளி வெளிவரும்போதே யார் தெரிவானார்கள் என்று ஆணைக்குழுவுக்குத் தெரியும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு 2023இலிருந்தே தெரியும். அந்தக் குடும்பத்துப் பிள்ளையிடம் மறுபடியும் எதற்கு வருமானச் சான்றிதழ்? பதிவோடு சேர்த்து ஒரு தொகையை முன்பணமாகப் போட்டு, பிறகு தவணைகளில் கழித்துக்கொள்ளலாம். தகுதியில்லை என்று பின்னர் தெரிந்தால் அதற்கும் வழி செய்யலாம். ஏழைப் பிள்ளையைக் காக்கவைத்து அரசாங்கம் மிச்சம் பிடிக்கும் காசு ஒன்றுமில்லை, எப்படியும் அதே காசைத்தான் பிறகு கொடுக்கிறது.

1945இல் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்ததால்தான் நாட்டாமை செய்பவரின் மகள் பல்கலைக்கழக வாசல் வரை போகிறாள். 1981இல் வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி மகாபொல நிதியத்தைச் சட்டமாக்கியதால்தான் உள்ளே போய்ச் சாப்பிடுகிறாள். அந்த நிதியத்துக்கு லொத்தர் வருமானத்திலிருந்தும் காசு போகிறது. ஆமர் வீதிச் சந்தியில் பின்னேரம் லொத்தர் வாங்க நிற்பவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் கூலி வேலை முடித்து வருகிறவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கான காசில் அவர்களுடைய காசும் இருக்கிறது. அதை நேரத்துக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இந்த வருடம் பரீட்சை எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் சில வேலைகளை இப்போதே முடித்து வையுங்கள். பிள்ளையின் பெயரில் அரச வங்கி ஒன்றில் கணக்கு, பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, சகோதரர்கள் படிக்கும் பாடசாலையிலிருந்து கடிதம், வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதி. நாட்கூலிக்காரர்கள் கிராம சேவகரிடம் போகும்போது நல்ல நாளின் கூலியை மட்டும் சொல்லாதீர்கள், மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போன பிள்ளைக்குக் கம்பஸ் கடிதம் வந்தால், முடிவெடுக்க முன் படிப்பித்த ஆசிரியர் ஒருவரிடமாவது ஒரு சொல் சொல்லுங்கள். அட்வான்ஸ் காசுக்குப் பழைய மாணவர் சங்கங்களிடமும் கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம், இனியும் கேட்போம்.