நவூரு வாசலில் யார் யார்

போன வருஷம் பிரிஸ்பேனில் அக்கா மகன் வீட்டில் இருந்தபோது அவன்தான் ஆரம்பித்து வைத்தான். "மாமா, இங்கேருந்து நவூருவுக்கு நேர் விமானம் இருக்கு. அஞ்சு மணி நேரம்கூட ஆகாது. பாத்துட்டு வரலாமா?"

பசிபிக் கடலில் மொத்தமே 21 சதுர கிலோமீட்டர் நாடு. சுமார் 12,000 பேர். தீவைச் சுற்றும் சாலை 19 கிலோமீட்டர்தான். ஸ்கூட்டரில் ஏறினால் டீ ஆறுவதற்குள் ஒரு தேசத்தைச் சுற்றி வந்துவிடலாம் என்றால் ஆசை வராதா? சரி என்று இரண்டு பேரும் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தோம்.

இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கி விசா வாங்க முடியாது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். போக வர டிக்கெட், தங்குமிடத்துக்கு அத்தாட்சி எல்லாம் காட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. என்னை மடக்கியது என் ஆஸ்திரேலிய விசா. கடிதத்தை எடுத்துப் பார்த்தால், ஒரே ஒரு முறை நுழையத்தான் அனுமதி. 'ஒரு தடவைக்கு மேல் வரும் உத்தேசம் உண்டா' என்ற கேள்விக்கு சென்னையில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் 'இல்லை' என்று போட்டிருக்கிறார். நானும் படித்துப் பார்க்காமல் தலையாட்டியிருக்கிறேன். நவூருவுக்குப் போனால் மறுபடி பிரிஸ்பேனில் கால் வைக்க முடியாது. பீஜிக்கு நமக்கு முன்விசா வேண்டாம், அந்த வழியாகச் சென்னைக்குத் திரும்பினால் என்ன என்று அக்கா மகன் கணக்குப் போட்டான். டிக்கெட் விலையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டான்.

பசிபிக் தீவுகளுக்குப் போக நினைக்கிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். தீவின் விசாவைப் பார்ப்பதற்கு முன்னால், நடுவில் இறங்கி ஏறுகிற நாட்டின் விசாவைப் பாருங்கள். 'விசா இல்லாமல் இத்தனை நாடுகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் இந்தச் சங்கதி இருக்காது. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ விமானம் மாறுவதற்கே நமக்கு டிரான்சிட் விசா வேண்டும்.

இந்தத் தடையில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. குட்டி நாடு, வருகிறவரை நாலு கேள்வி கேட்டுத்தான் விடும். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல், அங்கே வேறு யாரெல்லாம் எப்படிப் போகிறார்கள் என்று படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

2014இல் பத்திரிகையாளர் விசாவுக்கான கட்டணத்தை 200 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 8,000 டாலராக ஏற்றினார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. இதற்குப் பெயர் கட்டணமா? பூட்டு. அங்கே பத்திரிகைக்காரன் பார்க்கக் கூடாத அப்படியென்ன இருக்கிறது என்றால், ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த அகதிகளை அந்த நாடு கொண்டுபோய் அடைத்து வைத்த முகாம்.

2007இல் அங்கே கொண்டுபோகப்பட்ட இலங்கையர் 83 பேரில் பெரும்பாலானோர் நம் தமிழர்கள். அவர்கள் கேட்டது ஆஸ்திரேலியாவில் அடைக்கலம். நவூருவுக்கு விடுங்கள் என்று யாரும் விண்ணப்பம் போடவில்லை. பிறகு விசாரித்து, அவர்களில் பெரும்பாலானோர் உண்மையான அகதிகள்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். 2008இல் முகாமை மூடினார்கள். 2012இல் மறுபடி திறந்தபோது முதலில் கொண்டுவந்து இறக்கியதும் இலங்கையிலிருந்து படகேறியவர்களைத்தான். நான் டிக்கெட் விலை பார்த்து மலைத்த அதே தீவுக்கு அவர்களை இலவசமாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். சுற்றுலாப் பயணிக்கு அங்கே 30 நாள் விசா. ஆஸ்திரேலியா தன் மண்ணில் வேண்டாம் என்று முடிவு செய்து அனுப்புகிறவர்களுக்கு 30 வருஷ விசா. 2025 ஆகஸ்டில் இதற்கென்றே ஒப்பந்தம் போட்டார்கள். நவூருவுக்கு ஆஸ்திரேலியா தருவது முதலில் 40.8 கோடி ஆஸ்திரேலிய டாலர், அப்புறம் வருஷத்துக்குச் சுமார் 7 கோடி.

எந்த விசாவும் வேண்டாம், குடிமகனாகவே ஆகிவிடுகிறேன் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 1,05,000 அமெரிக்க டாலர் கட்டினால் நவூரு பாஸ்போர்ட் என்று 2025இல் ஆரம்பித்தார்கள். கடல் மட்டம் உயர்வதால் கரையோர மக்களை மேட்டுப் பகுதிக்கு மாற்ற அந்தப் பணம் என்கிறார்கள். தேவை உண்மைதான். ஆனால் 1990களிலும் பாஸ்போர்ட் விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்ட நாடு இது.

நவூருக்காரர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. உரம் தயாரிக்க உதவும் பாஸ்பேட்டுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் முதலில் தோண்டின. 1968இல் விடுதலை கிடைத்த பிறகு இவர்களும் தோண்டினார்கள். அந்தக் காசில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டி, 2004இல் அதையும் விற்றார்கள். தீவின் நடுப்பகுதி இன்று கூர்கூரான சுண்ணாம்புப் பாறை. விவசாயத்துக்கும் ஆகாது, வீடு கட்டவும் ஆகாது. விற்க மிச்சமிருந்தது வாசல் ஒன்றுதான். அதைப் பெரிய விலை கொடுத்து வாங்குகிற ஆஸ்திரேலியாதான் எனக்கு 'ஒரே முறை' என்று எழுதிக் கொடுத்தது.

அக்கா மகன் விடுவதாக இல்லை. இந்த முறை பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறான். வாங்கிவிட்டால் நவூருவுக்கும் விண்ணப்பம் போடுவேன். வருகையின் நோக்கம் 'சுற்றுலா' என்றுதான் எழுதுவேன். அதற்குள் யாரும் இந்தப் பதிவை இங்கிலீஷில் மொழிபெயர்த்துவிடாமல் இருந்தால் சரி.