ஒரே சாவி, இரண்டு பேர்

வெளிநாட்டில் குடியேறினால் முதல் வாரம் தேனிலவு மாதிரி போகும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு எங்கே! வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றார்கள். உடம்புக் கடிகாரம் புது ஊர் நேரத்தை நோக்கி நாளுக்குச் சுமார் 1 மணி நேரம்தான் நகரும். அதனால் அதிகாலை 3 மணிக்கு நானும் கணவரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, பயணப் பெட்டியையே மேசையாக்கிப் படிவங்களை நிரப்பினோம். அப்புறம் அந்தச் சாவி. இருந்ததே ஒன்றுதான், கணவர் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். குப்பை போட இறங்கினேன், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. மாலை வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு ஊர் சீக்கிரம் பழகிவிடும். வீட்டில் இருப்பவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.