"ஒரு வரிய மாத்தினா போதுமே"ன்னு சொன்னவன் எங்கடா

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளம்பப் போற நேரத்துல மெயில் வருது, செக்யூரிட்டி ஸ்கேன்ல டேட்டாபேஸ் சர்வர் ஆதென்டிகேஷன் வீக்காம், திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணணுமாம். கூடவே நாப்பது பக்க பிடிஎஃப். அதுல நமக்குன்னு இருக்குறது ரெண்டே வரி: பாஸ்வேர்ட சரிபார்க்க பழைய எம்டி5 முறை ஓடுது, புது ஸ்க்ராம் முறைக்கு மாத்தவும். மாத்தவுமாம்! ஏதோ பல்பு மாத்துற மாதிரி.

எம்டி5 பழசுதான், ஒத்துக்கறேன். எங்க டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அதோட 10வது வெர்ஷன்லயே, அதாவது 2017லயே ஸ்க்ராம் வந்தாச்சு, 14ல இருந்து அதுதான் டீஃபால்ட், இத்தனை வருஷம் தூங்கினது எங்க தப்புதான். ஆனா சர்வர்ல பாஸ்வேர்டு ஹாஷா, அதாவது திரும்பப் பிரிக்க முடியாத குறியீடாதான் இருக்கும், பழைய ஹாஷ வச்சு புது ஹாஷ் செய்ய முடியாதுய்யா! செட்டிங்க மாத்திட்டு ஒவ்வொரு யூசருக்கும் பாஸ்வேர்ட திரும்பப் போடணும். எங்ககிட்ட பதினேழு யூசர், அதுல பாதிக்கு பாஸ்வேர்டு என்னன்னு யாருக்குமே தெரியல, புதுசு போட்டா எந்த ஆப் படுக்கும்னும் தெரியல. 'டெஸ்ட்2'ன்னு ஒரு யூசர், சும்மா கெடக்குதுன்னு தூக்கப் போனேன், பார்த்தா மொத்த பில்லிங்கும் அதுலதான் ஓடுது. பேர் வச்ச மகராசன் வேலைய விட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு.

இதுக்கு நடுவுல மேனேஜர், "ஹெச்பிஏ ஃபைல்ல ஒரு வரிய மாத்தினா போதுமே"ன்னாரு. யார் எந்த முறையில உள்ள வரலாம்னு சொல்ற ஃபைல் அது, நானும் அவசரத்துல அதுல எம்டி5ன்னு இருந்தத ஸ்க்ராம்னு மாத்தி ரீலோட் குடுத்தேன், புத்திய செருப்பால அடிக்கணும். எம்டி5 ஹாஷ் இருந்த அத்தனை யூசரும் வெளிய! ஆப் பக்கம் வர்றது வெறும் 'பாஸ்வேர்டு ஃபெயில்டு', சர்வர் லாக்க தோண்டினாதான் 'இந்த யூசருக்கு ஸ்க்ராம் சீக்ரெட் இல்ல'ன்னு காரணம் தெரியுது. இதுல கடுப்பு என்னன்னா, அந்த வரிய எம்டி5ன்னே விட்டிருந்தா ஸ்க்ராம் பாஸ்வேர்டும் அதுலயே வேலை செஞ்சிருக்கும், எல்லாரையும் மாத்தி முடிச்சிட்டு கடைசியா அதைத் தொட்டிருக்கலாம். நாப்பது பக்கத்துல இந்த ஒரு விஷயத்த எழுத இடமில்ல போல.

திரும்ப பழசுக்கே போய், ஒவ்வொண்ணா மாத்தி, முடிஞ்சுதுன்னு படுத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் ஜாப் காலி. 'ஆதென்டிகேஷன் டைப் 10 சப்போர்ட் இல்ல'ங்குது, கூடவே ஹெச்பிஏ ஃபைல்ல ஐபி இருக்கான்னு பாருங்கன்னு ஒரு அட்வைஸ் வேற. அதை நம்பி ஒன்றரை மணி நேரம் ஐபிய தடவிட்டு இருந்தேன். கடைசில பார்த்தா அந்த ஜாப் டேட்டாபேஸோட பேசுற ஜேடிபிசி ட்ரைவர் ஜார் ஆதி காலத்துது, 42.2.0 வெர்ஷனுக்கு முந்தினது, அதுக்கு ஸ்க்ராம்னா என்னன்னே தெரியாது.

திங்கக்கிழமை ரீஸ்கேன். அதே வார்னிங்! அதே வார்த்தை, அதே சிவப்பு கலர். கத்தணும் போல இருந்துச்சு. அப்புறம்தான் கவனிச்சேன், ஐபில கடைசி நம்பர் மட்டும் வேற. ரெப்ளிக்கா, அதாவது மெயின் சர்வரோட நகலா ஓடுற இன்னொரு சர்வர். பாஸ்வேர்டெல்லாம் டேட்டாவோட சேர்ந்து அங்க போயிடுச்சு, கான்ஃபிக் ஃபைல் போகாதுல்ல, அது பாட்டுக்கு பழைய எம்டி5லயே உக்காந்திருக்கு. போய் மாத்தி ரீலோட் பண்ண ரெண்டு நிமிஷம்.

டிக்கெட் இன்னும் ஓப்பன்லதான் இருக்கு, ரீஸ்கேனுக்கு வரிசையாம். அதுக்குள்ள அடுத்த பிடிஎஃப் வந்துடுச்சு, பேக்கப் சர்வர்ல எஸ்எஸ்ஹெச் சைஃபர், அதாவது ரிமோட் லாகின குறியாக்குற முறை, வீக்காம், "சின்ன சேஞ்ச்தான்"னு போட்டிருக்கானுங்க.