ஆட்டத்தைப் பார்க்காமல் என்ன விமர்சனம்?

எங்கள் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி தோற்ற ராத்திரிகளில், தோல்வியைவிட எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஆட்டத்தையே பார்க்காதவர்கள் இணையத்தில் போடும் பதிவுகள்தான். 'ஒருத்தனும் ஓடவே இல்லை' என்று எழுதுகிறார்கள். நான் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 80-வது நிமிடத்தில் எங்கள் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்) கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். எதிரணிக்காரர் ஒருவர்தான் வந்து காலை நீட்டிப் பிடித்துவிட்டார். எங்கள் ஆள் எழுந்தார், அடுத்த பந்துக்கே மறுபடி ஓடினார். ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

எல்லோரும் ஸ்டேடியத்துக்கு வந்தே ஆகணும் என்று சொல்லவில்லை. ஷிஃப்ட் இருக்கும், டிக்கெட்டுக்குக் காசு இருக்காது. டிவியில் பார்த்துவிட்டுத் திட்டட்டும், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானும் திட்டுவேன்.

2018 மார்ச்சில் பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தில் 9-வது நிமிடமே எதிரணியான பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று தோன்றிய நேரம். அப்புறம் நம் மைல்சன் ஆல்வ்ஸ் இரண்டு முறை தலையால் முட்டிப் போட்டார், ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட்டார். கடைசியில் அவர்கள் இன்னொன்று போட்டும் 3-2, கோப்பை நமக்கு. முழுசாகப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும்.

நேற்று என் அத்தை பையன் கோச்சை மாற்றணும் என்று போனில் அரை மணி நேரம் பேசினான். இந்த சீசனில் எத்தனை மேட்ச் பார்த்தாய் என்று கேட்டேன். பதிலே இல்லை. சரி, அடுத்த மேட்சுக்கு அவனுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கப்போகிறேன்.