சைகை மொழியை விஞ்ஞானிகள் தடை செய்தார்களா?

காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சைகை மொழி பழகினால் பிள்ளைக்குப் பேச்சே வராது. அதனால்தான் 1880-லேயே விஞ்ஞானிகள் தடை போட்டார்கள். சைகை நாடகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்."

இது தவறு. 1880-இல் இத்தாலியின் மிலானில் கூடியது காது கேளாதோர் கல்வி மாநாடு. வந்த 164 பேரில் காது கேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் ஒருவர்தான். சைகையை விட்டுப் பேச்சாலேயே கற்பிக்கும் வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள், அவ்வளவுதான். பாதிப்போ நூறாண்டு நீடித்தது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பல பள்ளிகளில் பிள்ளைகளின் விரல்களில் அடி விழுந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னார்கள். நினைத்தாலே மனசு பதறுகிறது.

சைகை மொழிக்கு முழுமையான இலக்கணம் உண்டு என்று 1960-இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோகோ காட்டினார். அதைப் பழகுவது பேச்சைத் தடுக்காது. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது.

சரி, சைகை மொழியில் நடிக்கும் நாடகம்? திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்க்கும் ஊருக்கு, கையும் முகமும் கதை சொல்லும் என்று விளக்கவா வேண்டும்? வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் தூண் வைத்த நடு முற்றத்தில், சைகை நாடகம் போட்டால் வெளிச்சம் கையிலும் முகத்திலும் விழ வேண்டும். தூண் மறைத்தால் ஒரு வசனமே போய்விடும். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள்.