கருப்பும் காரமும் மட்டும் போதாது

'கருஞ்சீரக எண்ணெய் எவ்வளவு கருப்போ, தொண்டையை எவ்வளவு எரிக்கிறதோ, அவ்வளவு வீரியம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலில் கொஞ்சம் உண்மை உண்டு. நிறத்தில் அதுவும் இல்லை: விதையை வறுத்துப் பிழிந்தாலே எண்ணெய் கருத்துவிடும்.

காரத்துக்கு ஒரு காரணம், இந்த விதையில் இருக்கும் தைமோகுவினோன் என்ற வேதிப்பொருள். வீரியம் என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் தொண்டை எரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த விதையில் லிப்பேஸ் என்ற நொதி உண்டு. விதை ஈரமாகக் கிடந்தாலோ, பிழிந்து நாளானாலோ அது கொழுப்பை உடைத்து, தனிக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டிவிடும். அவையும் தொண்டையைக் கரகரக்க வைக்கும். நாக்கால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். கெட்ட எண்ணெயை 'செம வீரியம்' என்று மெச்சிக் குடிப்பவர்களும் இருப்பார்கள்!

சரி, எதைக் கேட்பது? நீங்கள் வாங்கும் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) ஆய்வக அறிக்கை. அதில் எச்பிஎல்சி முறையில் (கலவையில் இருப்பதைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை) அளந்த தைமோகுவினோன் சதவீதம், அமில எண் (தனிக் கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு என்று காட்டுவது), பெராக்சைடு எண் (காற்றுபட்டு எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுவது) மூன்றும் இருக்க வேண்டும். குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்களுக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை அனுமதிப்பது, அமில எண் 4, பெராக்சைடு எண் 15 வரை. பாட்டிலில் பெரிதாக அச்சிட்ட சதவீதம், நிரப்பிய நாளின் கணக்காக இருக்கலாம். தைமோகுவினோன் வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதையும். அதனால் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில், பிழிந்த தேதி இல்லாமல் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

அப்புறம், ஃபிரிட்ஜில் வைத்து உறையாவிட்டால் கலப்படம் என்று சொல்லும் சோதனை. இந்த எண்ணெயில் பாதிக்கு மேல், குளிரில் எளிதில் உறையாத லினோலெயிக் அமிலம்தான், அதனால் உறையாவிட்டால் கலப்படம் என்று அர்த்தமில்லை.