கோதுமையை நிறுத்திவிட்டால் சீலியாக் பரிசோதனை தேவையில்லையா?

“முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு வயிற்றுவலியோ பேதியோ இல்லையென்றால் சீலியாக் பரிசோதனை வேண்டாம், கோதுமையை நிறுத்தினாலே போதும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு. சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு உடலின் எதிர்ப்பாற்றல் தவறாக எதிர்வினை காட்டி, சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு சீலியாக் இருக்கிறது; பலருக்கு வயிறு எந்தத் தொல்லையும் கொடுப்பதில்லை. அதனால்தான் நீரிழிவு தெரிந்தவுடனும், பிறகு 2, 5 ஆண்டுகளிலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பார்ப்பது டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) எதிர்ப்பொருள்; சீலியாக் இருந்தால் ரத்தத்தில் இது கூடும். கூடவே மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருள்களில் ஒரு வகை) அளவு. இந்த அளவே குறைவாக உள்ளவருக்கு டிடிஜி ஐஜிஏ சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டிவிடும்.

கோதுமையை முன்கூட்டியே நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் பிடிபடாமல் போகலாம். மருத்துவர் முடிவு சொல்லும்வரை வழக்கமான சாப்பாடே தொடரட்டும்.